சூட்கேஸ்காரம்மா கோமளா

பெரியநாயக்கன்பாளையத்தில் கல்யாண வயதில் பிள்ளை வைத்திருந்த அத்தனை பேருக்கும் கோமளாவைத் தெரியும். ஆனால் எந்தக் கல்யாண மண்டபத்திலும் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. பொருத்தம் பார்க்க அவள் வேண்டும், முகூர்த்தத்துக்கு அவள் வேண்டாம். முப்பது வயதில் தாலி அறுத்தவள் எதிரே வந்தாலே ஆகாது என்கிற ஊர், அவள் கொடுத்த ஜாதகத்தை மட்டும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டது. கல்யாணம் முடிந்த மறுநாள் ஒரு போசி நிறையச் சோறும் பலகாரமும் பின்வாசல் வழியாக வரும். கோமளா அதை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். ரோசக்காரி.

அவள் ஜோசியம் படித்தவள் அல்ல. ஏழாம் இடம், எட்டாம் இடம் என்று பேசினால் அவளுக்குக் கொட்டாவி வரும். கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் போட்டது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கட்டம் வரும், பத்துப் பொருத்தத்தில் எத்தனை தேறும் என்பதும் வரும். அதை அச்சடித்துக் கொடுப்பதுதான் தொழில். மெயின் ரோட்டில் ஒரு சின்ன அறை, வாசலில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று ஒரு தகரப் பலகை.

அவளுடைய கம்ப்யூட்டர் மடக்கி வைக்கிற லேப்டாப். தொண்ணூற்று ஐந்தில் அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ஒரு மில் ஆபீசில் கழித்துக் கட்டியது ஏலத்துக்கு வருகிறது என்று தம்பி திருமூர்த்திதான் வந்து சொன்னான். கோமளாவின் கணவன் பம்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்த்து மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தான். பிள்ளை இல்லை. அம்மாவும் அப்பாவும் முன்னமே போய்விட்டதால் பத்து வயது இளைய தம்பிதான் பிள்ளை. அவனைக் கம்ப்யூட்டர் டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்தது அவள்தான். கழுத்தில் போட முடியாத தங்கம் பீரோவில் கிடந்து என்ன செய்யப்போகிறது என்று தாலிக்கொடியை விற்று அந்த லேப்டாப்பை எடுத்தாள். ஜாதகம் கணிக்கும் சாப்ட்வேரைத் தம்பி ஏற்றிக் கொடுத்தான், தட்டவும் சொல்லிக் கொடுத்தான்.

அது மேசை கம்ப்யூட்டராக இருந்திருந்தால் கோமளா வெறும் அச்சடிக்கிறவளாகவே இருந்திருப்பாள். மடக்கித் தூக்க முடிந்ததால் வீடுகளுக்குள் போனாள். பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று வெளியே தெரிவதை விரும்பாத வீடுகள் அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பின. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போவாள். 'சூட்கேஸ்காரம்மா வந்துருக்குதுங்க' என்று அடுப்படி வரைக்கும் தகவல் போகும். அடுப்படியில் உட்கார்ந்துதான் பேச்சு.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அந்த ஆயிரத்துக்கும் அடியில் கிடக்கிற ஒரு உண்மையை எங்காவது இறக்கி வைத்தால்தான் பெற்றவளுக்குத் தூக்கம் வரும். கோமளாவிடம் இறக்கி வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு காது கேட்காது. பெண் ஒரு பையனுக்கு எழுதிய கடிதம் பிடிபட்டு அடி வாங்கியது. கேட்டுக்கொள்வாள், காப்பியைக் குடிப்பாள், எழுந்து வந்துவிடுவாள். ஒரு வீட்டுச் சேதி இன்னொரு வீட்டில் அவள் வாயிலிருந்து விழுந்ததாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெயர்தான் அவளுடைய சொத்து. அதை வைத்துத்தான் அவள் சாப்பிட்டாள், அதை வைத்துத்தான் தலை நிமிர்ந்து நடந்தாள்.

பாப்பாயி என்று ஒரு அம்மா. வால்பாறை எஸ்டேட்டில் இருபது வருஷம் தேயிலை பறித்துவிட்டுக் குடும்பத்தோடு கீழே இறங்கி வந்தவள். மகள் இளவேனில் ஊரிலேயே ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலையில் இருந்தாள். "அம்மணி, உங்கிட்டத்தான் சொல்றேன்," என்று ஒருநாள் பாப்பாயி குரலைத் தாழ்த்தினாள். வால்பாறையில் இருந்தபோது இளவேனிலுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். ராசி கெட்டவள் என்று சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இங்க ஒருத்தருக்கும் தெரியாது கண்ணு. தெரிஞ்சா என்ற புள்ளைய எவன் கட்டுவான்?"

கோமளா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து, இளவேனிலின் ஜாதகத்துக்குக் கீழே 'குறிப்பு' என்று சாப்ட்வேரில் காலியாக இருந்த கட்டத்தில் அதைத் தட்டி வைத்தாள். எல்லோருக்கும் அப்படித்தான் வைத்திருந்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆயிரத்து நானூறு ஜாதகம் சேர்ந்த பிறகு யாருக்கு என்ன என்று மனசில் நிற்கவில்லை, தவறான இடத்தில் பொருத்திவிடக் கூடாதே என்ற பயம். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் 'யாருக்கும் தெரியாது' என்று சேர்ப்பாள். தான் எவ்வளவு பத்திரமாக இருக்கிறோம் என்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. பெருமையை என்னவென்று சொல்வது.

தொண்ணூற்று ஒன்பது ஆடி மாதம் இருபத்தொன்றாம் தேதி, வீரபாண்டிப் பிரிவில் டிரைவர் போட்ட பிரேக்கில் மடியில் இருந்த பை பஸ்சின் தரையில் போய் விழுந்தது. வீட்டில் திறந்து பார்த்தால் மூடி ஒரு பக்கம் தொங்கியது. உள்ளே ஏதோ ஓடும் சத்தம் கேட்டது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

மறுநாள் உக்கடம் பக்கம் ஒரு சந்தில் இருந்த அப்துல் மஜீதிடம் கொண்டுபோனாள். ரேடியோ, டி.வி. எல்லாம் பார்த்து, இப்போது கம்ப்யூட்டரையும் பிரித்துக்கொண்டிருந்த மனுஷர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணும் ஆகலீங்க அம்மணி. கீலு ஒடஞ்சு ஒயரக் கடிச்சுப்போட்டுது. உள்ள இருக்கறதெல்லாம் கல்லாட்ட இருக்குதுங்க. கீலு இங்க கெடைக்காது, பெங்களூருக்குச் சொல்லி உடோணும். ஒரு மாசம் பொறுத்தீங்கன்னா இன்னும் அஞ்சு வருசத்துக்குக் கேள்வியில்ல."

ஒரு மாதம் என்பதுதான் அவளுக்கு இடித்தது. ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள், அதனால் பத்து நாள் சும்மா இருக்கலாம். ஆவணி பிறந்துவிட்டால் ஒரே நாளில் ஐந்து வீடுகளிலிருந்து ஆள் வரும். யோசித்துச் சொல்கிறேன் என்று லேப்டாப்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று நாள் யோசித்தாள். ரிப்பேர் செய்தால் சீசன் போய்விடும். புதிது எடுத்தால் தவணை கட்ட வேண்டும். தாலிக்கொடியாக இருந்ததைத் தூக்கிப்போடுவதா என்று ஒரு சமயம் தோன்றும். அதற்காக உடைந்ததைக் கட்டிக்கொண்டு அழுவதா என்று அடுத்த சமயம் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை திருமூர்த்தி வந்தான். கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தான். அக்கா அவனுக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய்யைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றினாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"செத்த மாட்டுக்குப் புல்லுப் போடறேங்கறயா அக்கா. ரெண்டாயிரம் வருதல்ல, அது தெரியுமா உனக்கு? இந்தப் பொட்டிக்கு வருசத்துல கடைசி ரெண்டு நம்பருதான் தெரியும். ரெண்டாயிரம் பொறந்தா சைபர் சைபருன்னு ஆயிரும். ஆயிரத்தித் தொள்ளாயிரம்னு நெனச்சுக்கும். நேத்துப் பொறந்த கொழந்தைக்கு நூறு வயசுன்னு ஜாதகம் வரும்."

"நெசமாவா மூர்த்தி?"

"பேப்பர்ல தெனமும் போடறாங்க. ரிப்பேரு பண்ணி நாலே மாசம். அப்புறம் தூக்கித்தான் போடோணும்."

பேப்பரில் போட்டது உண்மைதான். ஊரெல்லாம் அந்தப் பேச்சாகத்தான் இருந்தது. வேறு தொழிலாக இருந்தால் கோமளா யோசித்திருப்பாள். ஜாதகத்தில் தேதி தப்பினால் அப்புறம் என்ன இருக்கிறது? மஜீத் பாய் ஒயரைத்தான் பார்த்தார், வருஷத்தைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். படித்த தம்பி சொல்கிறான். நெய்ச்சோற்றைத் தின்றுகொண்டு கூடப்பிறந்தவன் பொய் சொல்வான் என்று எந்த அக்கா நினைப்பாள்?

கலர் திரை வைத்த லேப்டாப் ஒன்றைத் தவணையில் அவனே ஏற்பாடு செய்தான். பழையதைக் கொடுத்தால் ஏதோ கழித்துக்கொள்வார்கள் என்றான். கடையிலிருந்து ஒரு டி.வி. மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்து பழைய லேப்டாப்பில் செருகி, ஆயிரத்து நானூறு ஜாதகத்தையும் பிளாப்பி பிளாப்பியாக எடுத்துப் புதியதில் ஏற்றினான். ஒரு பகல் முழுக்க ஆயிற்று. கோமளா பக்கத்தில் உட்கார்ந்து காப்பி போட்டுக் கொடுத்தபடி இருந்தாள்.

எல்லாம் புதியதில் வந்துவிட்டதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் திருப்தியானாள். அத்தோடு பழையது காலி என்று நினைத்துவிட்டாள். ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்கு ஊற்றினால் முதல் குடத்தில் என்ன மிச்சம் இருக்கும்? நாலு வருஷம் தட்டியவளுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். தட்டத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பழைய லேப்டாப்பின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஈரத்துணியால் அதை மட்டும் சுத்தமாகத் துடைத்து, கும்பிட்டு, தம்பி கையில் கொடுத்தாள்.

"என்ன பண்ணுவாங்க மூர்த்தி இத?"

"எடைக்குத்தான் போடுவாங்க, உடு."

ஆவணி நன்றாக ஓடியது. கலர் கட்டத்தைப் பார்க்கவே ஜனங்கள் வந்தார்கள். இளவேனிலுக்கும் அந்த மாதமே பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வரன் கூடியது. பையன் நல்லவன், லாரி டிரைவர், வீட்டில் ராசி சகுனம் பார்க்காத ஆட்கள் என்று விசாரித்துத்தான் கோமளா கொண்டுவந்தாள். கார்த்திகைக் கடைசியில் முகூர்த்தம் என்று முடிவாயிற்று. திருமூர்த்தி மட்டும் வருவது குறைந்தது. பொள்ளாச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். பையன் முன்னுக்கு வருகிறான் என்று அவள் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள்.

கார்த்திகை பாதியில் ஒரு காலையில் பாப்பாயி வந்தாள். கோமளா உட்காரச் சொன்னாள், அவள் உட்காரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. மாப்பள ஊட்டுக்காரங்க குடுத்தாங்க. ராசி பாக்க மாட்டோம்னவங்கதான், மறச்சது எதுக்குன்னு கேட்டுக் கண்ணாலம் வேண்டாம்னு போட்டாங்க. நீயே படி."

மேலே ஏதோ ஒரு திருமணத் தகவல் மையம், பொள்ளாச்சி என்று விலாசம். அதன் கீழ் இளவேனிலின் கட்டம். அதற்கும் கீழே, வால்பாறையில் நிச்சயமாகி நின்றதும், மூன்றாம் நாள் மாமனார் செத்ததும். கடைசியில் 'யாருக்கும் தெரியாது' என்பதும் அப்படியே அச்சாகியிருந்தது. அவள் சொற்கள், ஒரு எழுத்து மாறவில்லை.

"நான் சொல்லலீங்க அக்கா. சத்தியமா ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கலீங்க."

"நீ சொல்லீருக்க மாட்டீன்னுதான் நானும் நெனைக்கறேன். ஆனா உன்னத் தவர ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லல." பாப்பாயி அழவில்லை. "புள்ள ரெண்டு நாளாத் தண்ணி குடிக்கல. நாளான்னிக்கு அமாவாசை. ஆனைமலைக்குப் போயி மொளகா அரைக்கப்போறேன். யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. மாசாணி ஆத்தாளுக்குத் தெரியும்."

சாபங்களில் பெரிய சாபம் அது. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக் கல்லில் பூசினால், கெடுதல் செய்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பார்கள். கோமளா அன்று கடையைத் திறக்கவில்லை. யாராக இருக்கும் என்று யோசித்தவளுக்கு மஜீத் பாயின் முகம்தான் வந்தது. லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்த வெளியாள் அவர் ஒருவர்தானே. தம்பியின் நினைப்பே வரவில்லை. வெளியாளைச் சந்தேகப்படுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

அமாவாசையன்று காலையிலேயே உக்கடத்துக்குப் போய் இறங்கினாள். "பாய், என்ற பொட்டிய நீங்க என்ன பண்ணுனீங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

மஜீத் கண்ணாடியை இறக்கினார். "என்னங்க அம்மணி இப்படிக் கேக்கறீங்க? ஆவணி கடைசியில உங்க தம்பி கொண்டாந்து குடுத்தாப்ல. அக்கா ரிப்பேரே பண்ணச் சொல்லிப்போட்டாங்கன்னாப்ல. பெங்களூர்ல இருந்து கீலு வரவழைச்சுப் போட்டுக் குடுத்தனுங்க. நல்லா ஓடுதில்லீங்க?"

"நல்லா ஓடுதுங்க," என்றாள் கோமளா. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, வாய் வரவில்லை. வெளியே வந்து பொள்ளாச்சி பஸ்சில் ஏறி உட்கார்ந்தாள்.

தாளில் இருந்த விலாசம் கடைவீதியில் ஒரு மாடி. திருமூர்த்தி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் அவளுடைய லேப்டாப் நிமிர்ந்த மூடியோடு இருந்தது. பக்கத்தில் பிரிண்டர் கரகரவென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். பயந்தவன் மாதிரித் தெரியவில்லை, கொஞ்சம் வெட்கப்பட்டவன் மாதிரி இருந்தான்.

"எடைக்குப் போட்டாச்சுன்னு சொன்னயே மூர்த்தி."

"போட்டிருந்தா வீணாத்தானே போயிருக்கும் அக்கா. நீ வேண்டாம்னு குடுத்ததுதான. உனக்குத்தான் கலர்ல புதுசு எடுத்துக் குடுத்தனல்ல."

"ரெண்டாயிரத்துல நின்னு போயிரும்னயே."

"அது நின்னா அப்பப் பாத்துக்கலாம்."

"சரி, ஜாதகத்த எடுத்துக்கிட்டே. குறிப்ப எதுக்குடா அச்சடிச்சே?"

அவன் குரலைத் தாழ்த்தினான். இதற்கு மட்டும் அவனிடம் தெளிவான பதில் இருந்தது. "ஜாதகம் எந்தக் கடையிலயும் கெடைக்கும் அக்கா. உள்விவரம் வேற எங்கயும் கெடைக்காது. அதுக்குத்தான் ஆளுக வர்றாங்க. உம்பேர நான் எங்கயும் போடலயே."

அந்த நேரத்தில்தான் கோமளாவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. தெரியாமல் செய்துவிட்டான், அறிவில்லாமல் அச்சடித்துவிட்டான் என்று பஸ்சில் வரும்போதெல்லாம் அவனுக்காகத் தனக்குள் வாதாடிக்கொண்டே வந்திருந்தாள். தெரிந்துதான் செய்திருக்கிறான். ஆடி மாதம் அவள் வீட்டில் சோறு தின்றபோதே இதை மனசில் வைத்திருந்திருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்?

"அழிச்சுப்போடு. இப்பவே, என்ற கண்ணு முன்னால."

"இதுல அழிச்சா என்ன ஆகப்போகுது? ஈரோட்டுக்கு ஒரு செட்டு, தாராபுரத்துக்கு ஒரு செட்டு குடுத்தாச்சு. எத்தன தடவ எடுத்தாலும் அது கொறையாதுக்கா."

குடத்திலிருந்து ஊற்றினால் குறையும் என்று நினைத்தவள் அவனையே பார்த்தாள். அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, "சாப்புட்டயா? வா அக்கா, கீழ ஓட்டல்ல நல்லா இருக்கும்," என்றான். அதை அவன் உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டாமல் படி இறங்கினாள். பஸ் ஸ்டாண்டில் ஆனைமலை வண்டி புறப்பட நின்றுகொண்டிருந்தது.

கோயில் வாசலில் ஒரு பொட்டலம் மிளகாய் வாங்கினாள். அமாவாசைக் கூட்டம் வெளி வரைக்கும் வந்திருந்தது. காற்றிலேயே காரம், தும்மாதவர்கள் இல்லை. அரைக்கும் இடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நகையைக் கொடுத்து ஏமாந்தவள் இருந்தாள், புருஷனைப் பறிகொடுத்தவள் இருந்தாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். வரிசையில் நிற்கும்போது அவள் சதை ஆடத்தான் செய்தது, ஆனாலும் வரிசையை விட்டு விலகவில்லை. தனக்கு முன்னால் குழவியைப் பிடித்து அரைத்துக்கொண்டிருப்பது பாப்பாயி என்பதைக் கிட்டே போன பிறகுதான் பார்த்தாள்.

"அக்கா, யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க." கோமளா பக்கத்தில் குத்தவைத்தாள். "என்ற தம்பிங்க. கூடப் பொறந்தவன். பேரு திருமூர்த்தி. பழைய கம்ப்யூட்டர அவங்கிட்டக் குடுத்தனுங்க. அதுல இருந்து எடுத்திருக்கறான். அவம் பேரச் சொல்லி அரைங்க."

குழவி நின்றது. "அதுக்குள்ள எப்படிப் போச்சு?"

"நான் எழுதி வெச்சிருந்தனுங்க."

பாப்பாயி அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் காரத்தில் சிவந்து கிடந்தன. "நான் உங்காதுலதான அம்மணி சொன்னேன். பாரம் தாங்காம ஒருத்தி காதுல எறக்கி வெச்சேன். எழுதி வெக்கச் சொன்னனா?"

மறந்துவிடக் கூடாது என்றுதான். தப்பான இடத்தில் உங்கள் பெண்ணைக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான். கோமளாவிடம் இத்தனை பதில் இருந்தது.

"உன்ற தம்பிய எனக்குத் தெரியாது," என்றாள் பாப்பாயி. குரலில் கோபம்கூட இல்லை. "அவன் எங்கூட்டுக்கு வந்தவனில்ல, எங்கிட்டக் கேட்டவனில்ல. மூஞ்சி தெரியாதவனுக்கு நான் எப்படி அரைக்கறது? எனக்குத் தெரிஞ்சது உன்னையத்தான்."

மறுபடியும் நாலு இழுப்பு இழுத்து அரைத்தாள். விழுதை வழித்து உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு நீதிக் கல்லை நோக்கிப் போனாள். பூசும்போது அவள் உதடு அசைந்ததைக் கோமளா உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள். என்ன பெயர் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

நம்பிக் கெட்டவள்தான் கோமளாவும். பாலூட்டி வளர்த்தது போல வளர்த்த தம்பி கழுத்தை அறுத்திருக்கிறான். அந்த நியாயத்தைக் கேட்கத்தான் அவள் அங்கே வந்தாள். ஆனால் அவள் நம்பிக்கொடுத்தது ஒரு பழைய லேப்டாப், பாப்பாயி நம்பிக்கொடுத்தது மகளின் வாழ்க்கை. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி நியாயம் கேட்க அவளுக்கே கூசியது.

"அரைக்கறீங்களா, நகர்றீங்களா?" என்றாள் பின்னால் நின்றவள்.

கோமளா மிளகாயைக் கொட்டி அரைத்தாள். தம்பி பெயரைச் சொல்லித்தான் அரைத்தாள், மனசார. விழுதை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் போனாள். பாப்பாயி பூசிவிட்டுப் போனது இன்னும் ஈரமாக இருந்தது. பூசுவதற்கு வேறு இடம் இல்லை. அதன் மேலேயே தம்பிக்கு உண்டானதைப் பூசினாள்.